கன்னிமூலைத் தண்ணீர்

சம்பந்தியம்மா வருகிற நாளாகப் பார்த்துத்தான் மழை பெய்ய வேண்டுமா? பெய்தது. புரட்டாசி பிறந்து பத்து நாள்கூட ஆகவில்லை. பொள்ளாச்சிப் பக்கமிருந்து கறுத்துக்கொண்டு வந்து ஒரு மணி நேரம் கொட்டிவிட்டுப் போய்விட்டது. ராமாமணியம்மாள் என் மகள் லோகப்பிரியாவின் மாமியார். வெள்ளகோவிலிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்திருந்தார். காப்பி கொடுத்துவிட்டு, மகளைத் தலைப்பிரசவத்துக்கு அழைத்துவர நாள் பேசலாம் என்று எதிரில் உட்கார்ந்தேன். அதற்குள் படுக்கையறைத் தண்ணீர் நிலைப்படி தாண்டி வந்து அவர் கால்விரலைத் தொட்டுவிட்டது.

எழுந்துபோய் அறையைப் பார்த்தார். இடுப்பு உயரத்துக்குச் சுவர் ஊறிப் போயிருந்தது. சுண்ணாம்பு பொரிந்து தரையில் கிடந்தது. நான் போட்டு வைத்திருந்த சாக்குகள் தண்ணீர் குடித்து உப்பிக் கிடந்தன. சுவரை ஒற்றை விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு விரலை முந்தானையில் துடைத்துக்கொண்டார். மரியாதை தெரிந்த மனுசி. மரியாதை தெரிந்தவர்கள் சொன்னால்தான் சுருக்கென்று தைக்கும்.

“பச்சைக் கொழந்தைய இந்த ஈரத்துல எப்படிங்க போடறது? எங்க ஊட்டுலயே பாத்துக்கறமுங்க. நீங்க வெசனப்படாதீங்க.”

எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் நிற்கும். சென்னியின் கோபம் இந்த ஊருக்கே தெரியும். ரேஷன் கடைக்காரனிலிருந்து பஸ் கண்டக்டர் வரைக்கும் என் வாயில் விழுந்து எழுந்தவர்கள்தான். ஆனால் அன்றைக்கு ஒரு வார்த்தை வரவில்லை. மூன்று வருஷமாகவே எனக்கு எதுவும் சரியாக வருவதில்லை. பல் பிடுங்க ஊசி போட்டால் உதடு மரத்துப்போகும். கடித்தால் ரத்தம் வரும், வலி தெரியாது. அப்படித்தான் இருக்கிறேன். சரிங்க என்று தலையாட்டிவிட்டு, அவரை பஸ் ஏற்றிவிட்டு வந்து தண்ணீரை அள்ளி ஊற்றினேன்.

மறுநாள் காலையில் மகள் போன் செய்தாள். அழுதிருக்கிறாள், குரலிலேயே தெரிந்தது. அம்மா வீட்டுக்குத்தான் போவேன் என்று மாமியாரிடம் ஒற்றைக்காலில் நின்றாளாம். தீபாவளிக்குள் அந்த அறை காய்ந்திருந்தால் அனுப்புகிறேன் என்று அவர் இறங்கி வந்தாராம். “எப்பிடியாச்சும் பண்ணுங்கம்மா. எனக்கு உங்ககிட்ட வந்து படுத்துக்கோணும்” என்றாள். அதற்கும் சரி என்றுதான் சொன்னேன்.

தண்ணீர் ஏன் உள்ளே வருகிறது என்று எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். அவர் என்றால் என் வீட்டுக்காரர் காளிச்சாமி. நூல் மில்லில் பிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். இருபது வருஷத்துக்கு முன்னால் இந்த வீட்டைக் கொத்தனாரோடு கூட நின்று கட்டியவர். கிழக்கு பார்த்த வீடு. ஆனால் நிலம் சரிவது தென்மேற்குப் பக்கம். அந்தக் கன்னிமூலைக்கு வெளியே, காம்பவுண்டுச் சுவரைத் தாண்டினால் மழைத்தண்ணீர் ஓடுகிற பள்ளம் இருக்கிறது. வடக்கே இருக்கிற காட்டுத் தண்ணீர், மொட்டை மாடித் தண்ணீர் எல்லாம் வீட்டின் பின்பக்கமாகச் சுற்றி அந்த மூலைக்குத்தான் வரும். வீட்டுத் தலைவர் படுக்கிற அறை கன்னிமூலையில் இருக்க வேண்டும் என்பதால் எங்கள் படுக்கையறையும் அதே மூலைதான்.

அதை யோசித்துத்தான் அவர் அப்போதே செங்கல் வைத்து ஒரு கால்வாய் கட்டினார். துவைக்கிற கல்லிலிருந்து தொடங்கி, வீட்டுக்குப் பின்னால் திரும்பி, கன்னிமூலையில் சுவருக்கு அடியே ஓட்டை விட்டுப் பள்ளத்தில் விடுகிற கால்வாய். தண்ணீர் நிரப்பிய குழாயால் டியூப் லெவல் பிடித்து, தண்ணீர் ஓட வாட்டம் வைத்தார். ஒரு முனையை அவர் பிடித்தார், இன்னொரு முனையை நான் பிடித்தேன். என் மகன் கிருபாசங்கருக்கு அப்போது ஐந்து வயது. டியூபில் வாய் வைத்துத் தண்ணீரை உறிஞ்சிவிட்டு அப்பாவிடம் ஏச்சு வாங்கினான். அதற்கப்புறம் பதினேழு வருஷம் எந்த மழைக்கும் அந்த அறைக்குள் சொட்டுத் தண்ணீர் வந்ததில்லை.

சங்கர் செத்து மூன்று வருஷம் ஆகிறது. இருபத்திரண்டு வயது. கோயமுத்தூரில் மோட்டார் கம்பெனியில் வேலை. ஆவணி மாதம், வேலை முடிந்து பைக்கில் வரும்போது லாரி. இதற்கு மேல் அதைப் பற்றிச் சொல்ல என்னிடம் ஒன்றுமில்லை.

பதினாறாம் நாள் காரியம் முடிந்தது. சொந்தம், ஒறம்பரை எல்லாம் இன்னும் கலையவில்லை. அதில் யாரோ ஒருவர் வாஸ்து பார்க்கிறவரைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். சாவு விழுந்த வீட்டில் காரணம் தேடுவதற்கு ஆளுக்கா பஞ்சம்? அந்த ஆள் கையில் காம்பஸை வைத்துக்கொண்டு வீட்டைச் சுற்றினார். கன்னிமூலைக்கு வந்து, சுவருக்கு அடியே இருந்த ஓட்டையைப் பார்த்ததும் உச்சுக் கொட்டினார். கன்னிமூலை உயர்ந்திருக்க வேண்டும், தண்ணீர் வடகிழக்கே ஈசானிய மூலைக்குத்தான் போக வேண்டும், இந்த மூலையில் தண்ணீர் வெளியே போகிற வீட்டில் ஆண் வாரிசு தங்காது என்றார்.

நான் திரும்பி என் வீட்டுக்காரரைப் பார்த்தேன். பக்கத்தில்தான் நின்றிருந்தார். மொட்டைத் தலையோடு, துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு.

“நீங்கதான இந்தக் கால்வாய எடுத்தீங்க? என்ற பையனை நீங்கதான் அனுப்பிச்சுப்போட்டீங்க.”

அத்தனை பேருக்கு முன்னால் சொன்னேன். கத்தவில்லை. சாதாரணமாகத்தான் சொன்னேன். அவர் மறுநாள் பொழுது விடிந்ததும் கடப்பாரையை எடுத்தார். தான் கட்டிய கால்வாயை ஒவ்வொரு செங்கல்லாகப் பெயர்த்தார். ஒருத்தரையும் கிட்டே சேர்க்கவில்லை. ஓட்டையைக் கல் வைத்துப் பூசினார். டிப்பரில் செம்மண் கொண்டுவரச் சொல்லிக் கன்னிமூலையை மேடாக்கினார். மகனைப் புதைத்த மண் காய்வதற்குள் இங்கே இன்னொரு மேடு எழுந்துவிட்டது.

தண்ணீருக்கு இந்தச் சாஸ்திரம் யாராவது சொல்ல வேண்டுமே! அடுத்த மழைக்கே வழக்கம்போல அது கன்னிமூலைக்கு வந்தது. மேட்டில் முட்டி நின்றது. போக வழியில்லாமல் எங்கள் அறைச் சுவரைக் குடைய ஆரம்பித்தது. நான் சாக்குப் போட்டேன். அவர் வெளியே நின்று வாளியில் மொண்டு ஊற்றினார். மூன்று வருஷமாக மழை வந்தால் எங்களுக்கு இதுதான் வேலை. ஏன் இப்படி ஆகிறது என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

அவர் பேச்சும் அன்றோடு சரி. சோறு போடட்டுமா என்றால் ம். பால்காரன் வந்தானா என்றால் ம். சண்டை போட்டாலாவது மனசு ஆறும். இந்த ம்மை வைத்துக்கொண்டு நான் யாரோடு சண்டை போடுவது? போகட்டும் என்று விட்டுவிட்டேன்.

மகள் போன் செய்ததற்கு அடுத்த நாள் கொத்தனார் அருள்குமாரை வரச் சொன்னேன். விவரமான ஆள். வீட்டை ஒரு சுற்று சுற்றிவிட்டு, சுவரைத் தட்டிப் பார்த்தார். சுவருக்குப் பூச்சு, மருந்து, பெயிண்டு எதுவும் வேலைக்கு ஆகாது, முதலில் தண்ணீர் நிற்காமல் போக ஒரு கால்வாய் வேண்டும் என்றார். எந்தப் பக்கம் விடுவது என்று கேட்டார். என் வாய் தானாக ஈசானியம் என்றது. அவர் முகத்தில் சிரிப்பு வந்து, வீட்டு நிலைமை நினைவுக்கு வந்து, அடங்கியது.

“ஒண்ணரை அடி மேலே ஏறோணுமுங்க. தண்ணி ஏறாதுங்கம்மா” என்றார்.

என் வீட்டுக்காரர் சற்றுத் தள்ளிக் குழாயடியில் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். ஒரு வாளியை ரொம்ப நேரமாகக் கழுவிக்கொண்டிருந்தார். அந்த முதுகைப் பார்த்துக்கொண்டே நான் சொன்னேன், கன்னிமூலைக்கே விட்டுவிடுங்கள், மண்ணை எடுத்துவிட்டுப் பழைய இடத்திலேயே கட்டுங்கள் என்று. அவர் வாளியைக் கவிழ்த்து வைத்துவிட்டு வீட்டுக்குள் போய்விட்டார்.

அருள்குமாருக்கு மறுநாளும் அதற்கு மறுநாளும் வர முடியாது. அவர் ஆட்கள் அத்தனை பேரும் கோயில் கெடா வெட்டுக்குக் கிளம்பிவிட்டார்கள். எங்கள் பக்கத்தில் கெடா வெட்டு என்றால் புரட்டாசி என்றுகூடப் பார்க்க மாட்டார்கள்; கட்டுகிற வீடு பாதியில் நின்றாலும் நிற்கும், கறிச்சோறு நிற்காது. திங்கட்கிழமை காலையில் மண்ணெடுக்க வந்துவிடுகிறோம், அதற்குள் சுவரில் மட்டம் மட்டும் குறித்து வைத்தால் ஒரு நாள் மிச்சம் என்றார். டியூபை வைத்துவிட்டுப் போனார். “ஐயாவுக்குத் தெரியாத வேலைங்களா? ரெண்டு பேருமே புடிச்சுருங்க” என்று போகிறபோது ஒரு வார்த்தை சொன்னார்.

டியூப் லெவல் ஒன்றும் பெரிய யந்திரம் இல்லை. உள்ளே இருப்பது தெரிகிற நீளமான பிளாஸ்டிக் குழாய். குமிழி இல்லாமல் தண்ணீர் நிரப்ப வேண்டும். இரண்டு பேர் ஆளுக்கொரு முனையைச் சுவரோடு சேர்த்துப் பிடிக்க வேண்டும். எவ்வளவு தூரத்தில் நின்றாலும் இரண்டு முனையிலும் தண்ணீர் ஒரே மட்டத்தில் வந்து நிற்கும். ஒருத்தர் குறித்து வைத்த கோட்டில் தண்ணீர் வந்து நின்றதும் குரல் கொடுக்க வேண்டும், அடுத்தவர் அந்தப் பக்கம் கோடு போட வேண்டும். வாய் பேசாமல் செய்ய முடியாத வேலை. ஒற்றை ஆளாகவும் செய்ய முடியாது.

மறுநாள் காலையில் நானே டியூபில் தண்ணீர் நிரப்பினேன். குமிழியெல்லாம் தட்டி எடுத்தேன். இரண்டு முனையையும் கட்டைவிரலால் பொத்திக்கொண்டு பின்வாசலில் நின்று கூப்பிட்டேன்.

“ஏனுங்க.”

வந்தார். டியூபைப் பார்த்தார். என்னைப் பார்க்கவில்லை.

“வேண்டாம்” என்றார்.

ஏன் என்று கேட்டேன். பதில் வராது என்றுதான் நினைத்தேன். வந்தது.

“புள்ளைத்தாச்சி வர்றா. மறுக்காவும் ஏதாச்சும் ஒண்ணு ஆச்சுன்னா?”

“என்னங்க ஆகும்?”

“அப்பவும் என்னையத்தான் சொல்லுவ.”

கோபமாகச் சொல்லவில்லை. நாளைக்கு மழை வரும் என்று சொல்வதுபோலச் சொன்னார். இந்த மனுசன் மூன்று வருஷமாக அதைத்தான் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். சாக்குத் தண்ணீரைப் பிழிகிறபோதும், என் கையால் சோறு வாங்கித் தின்கிறபோதும் அதுதான் அவருக்குள் இருந்திருக்கிறது. எனக்கு அது தெரியாமலில்லை. தெரிந்தும் தெரியாத மாதிரி இருக்க முடிந்தது, அவ்வளவுதான். இப்போதும் எனக்குள் ஒன்றும் அசையவில்லை. நான் எவ்வளவு பெரிய கல்லாகிவிட்டேன் என்று எனக்கே பயமாக இருந்தது.

ஒரு முனையை அவரிடம் நீட்டினேன். வாங்கிக்கொண்டார். முப்பது வருஷம் பிட்டர் வேலை பார்த்த கை, ஒரு சாமானை நீட்டினால் வாங்காமல் இருக்கத் தெரியாது.

வடக்குப் பக்கம் துவைக்கிற கல்லுக்கு மேலே சுவரில் பென்சிலால் ஒரு கோடு போட்டார். அதுதான் அளவு. என்னை அங்கே நிறுத்திவிட்டு, அவர் டியூபை இழுத்துக்கொண்டு குளியலறை மூலைவரைக்கும் போனார். இரண்டு பேரும் கட்டைவிரலை எடுத்தோம். தண்ணீர் குதித்தது, இறங்கியது, ஆடியது.

“எறக்குங்க” என்றேன். “இன்னுங் கொஞ்சம். ஏத்துங்க. சித்த இருங்க. நிக்குதுங்க.”

கோடு போட்டார். ஒரே மூச்சில் நான் அவரிடம் இவ்வளவு பேசி எத்தனை நாளாயிற்று என்று தோன்றியது. நான் சொன்னதையெல்லாம் செய்தார்.

அடுத்தது கன்னிமூலை. டியூபை எடுத்துக்கொண்டு குளியலறையைத் திரும்பிப் பின்பக்கம் போய்விட்டார். இப்போது அவர் எனக்குத் தெரியவில்லை. நடுவே வீடு. டியூப் மட்டும் தரையில் வளைந்து மூலை திரும்பிப் போயிற்று. செம்மண் மேட்டில் அவர் கால் புதைகிற சத்தம் கேட்டது. நின்று முனையைத் தூக்கிப் பிடித்துவிட்டார் என்பது, என் முனையில் தண்ணீர் மெல்ல ஏறியதில் தெரிந்தது.

“எறக்குங்க.”

இறங்கியது.

“இன்னும்.”

இறங்கியது. பென்சில் கோட்டைத் தொட்டுக்கொண்டு அசையாமல் நின்றது. நிக்குதுங்க என்று சொன்னால் போதும். அவர் கோடு போட்டுவிடுவார். திங்கட்கிழமை ஆட்கள் வந்து மண்ணை அள்ளுவார்கள். கால்வாய் வந்துவிடும். சுவர் காய்ந்துவிடும். மகளும் வருவாள். பிள்ளை பிறக்கும். அவர் அந்தக் கால்வாயைப் பார்க்கிறபோதெல்லாம் பயந்துகொண்டே இருப்பார். குழந்தைக்குச் சளி பிடித்தால்கூட என் முகத்தைப் பார்ப்பார்.

எதிரில் ஆள் இல்லை, சுவர்தான் இருந்தது. முகத்துக்கு நேரே எனக்கு வந்திருக்காது. சுவரைப் பார்த்துத்தான் சொன்னேன்.

“ஏனுங்க, கேக்குதுங்களா?”

“ம்.”

“சங்கரு போனதுக்கும் இந்தத் தண்ணிக்கும் ஒண்ணுமில்லீங்க. எனக்கு அன்னிக்கே தெரியும். யாரு மேலயாச்சும் போடோணும்னு இருந்துச்சு. பக்கத்துல நீங்க நின்னீங்க. உங்க மேல போட்டுப்போட்டேன்.”

அந்தப் பக்கம் சத்தமே இல்லை. ம்கூட இல்லை. காது கேட்கவில்லையோ என்று நினைத்தேன். மறுபடி சொல்ல எனக்குத் தெம்பு இருக்கவில்லை.

அப்போது என் முனையில் தண்ணீர் அசைந்தது. கோட்டுக்கு மேலே ஒரு விரற்கடை ஏறியது. இறங்கியது. மறுபடி ஏறியது. டியூபை ஆட்டாதீங்க என்று வாய்வரைக்கும் வந்துவிட்டது. வாயை மூடிக்கொண்டேன். டியூபை ஆட்டுகிற ஆள் இல்லை அவர். ரயில் மாதிரி மிஷின் ஓடுகிற இடத்தில் நூலளவு பிசகாமல் வேலை பார்த்த கை அது. மகன் உடம்பை வாங்கி வந்த அன்றைக்குக்கூட அந்தக் கை நடுங்கியதை நான் பார்க்கவில்லை. இப்போது நடுங்கிக்கொண்டிருந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் அவர் அழுதுகொண்டிருந்தார். எனக்கு ஒரு சத்தமும் வரவில்லை. தண்ணீர் மட்டும்தான் வந்து சொல்லிற்று.

போய்ப் பார்க்கலாமா என்று ஒரு அடி எடுத்து வைத்தேன். அப்புறம் நின்றுவிட்டேன். நான் விட்டுவிட்டால் என் முனை கீழே விழுந்து தண்ணீரெல்லாம் கொட்டிவிடும். டியூபைச் சுவரோடு சேர்த்து இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். தண்ணீர் ஏறி ஏறி இறங்கியது. கோடு கலங்கலாகத் தெரிந்தது. கோட்டில் என்ன கலக்கம் என்று கண்ணைத் துடைத்தால், கை நனைந்தது. வாயில் உப்புக் கரித்தது. மூன்று வருஷமாக வராதது. எனக்குச் சங்கர் வேண்டும் என்று இருந்தது. வேறு ஒன்றுமே வேண்டாம், அவன் வந்து இந்த டியூபில் வாய் வைத்து உறிஞ்ச வேண்டும்.

எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. ரோட்டில் ஒரு பஸ் போயிற்று. வெயில் துவைக்கிற கல்லுக்கு வந்துவிட்டது. தண்ணீரின் ஆட்டம் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது. கோட்டுக்குக் கொஞ்சம் கீழே வந்து நின்றது.

“ஏத்துங்க” என்றேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது.

ஏறியது.

“நிக்குதுங்க.”

அந்தப் பக்கம் சுவரில் பென்சில் கீறுகிற சத்தம் கேட்டது. அப்புறம் அவர் மூக்கைச் சிந்தினார்.

“சென்னி” என்றார். “அங்கயே இரு. வாரேன்.”